வெற்றிடத்தில் வைத்த விளக்கு

"அக்கா, உங்க சூரியன் எப்பங்க ரெடியாகும்? ஊட்ல வடகம் காயப் போடோணும்."

பட்டறையில் என்னைக் கேலி செய்ய இந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. வெல்டர் கேட்பார், பெயிண்டர் சிரிப்பார். மழைக்காலம் வந்தால் வடகம் போய் ஈரத்துணி வரும், அவ்வளவுதான் மாற்றம். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் வாழாமல் வந்தவள், அதுதான் மூஞ்சி அப்படி என்பார்கள். சிரித்தால் வாழாமல் வந்தும் சிரிப்பைப் பார் என்பார்கள். இரண்டில் சிரிப்பது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

திருச்செங்கோட்டுக்கு வெளியே சங்ககிரி ரோட்டில் அண்ணனுடைய பட்டறை. லாரிச் சட்டத்தின்மேல் போர்வெல் இயந்திரத்தை ஏற்றி ரிக் வண்டி கட்டும் வேலை. மாஸ்ட் என்கிற அந்த நெட்டைக் கோபுரத்திலிருந்து கடைசி போல்ட் வரை எல்லாவற்றுக்கும் டிராயிங் போடுவது நான். அதற்கு முன்பு நான் பரமத்தி வேலூரில் ஒரு வீட்டு மருமகளாக இருந்தேன். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு என்று எல்லாமும் விளைகிற குடும்பம். பிள்ளை மட்டும் விளையவில்லை என்று ஒருநாள் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. கார் டிக்கியைத் திறந்துவிட்டு நின்றார்கள், நானே எடுத்துக்கொண்டேன். நான் இயற்பியலில் முதுகலை படித்தவள் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கம்ப்யூட்டரில் படமாவது போடட்டும் என்றார் அண்ணி. கற்றுக்கொண்டேன். வேகமாகவே கற்றுக்கொண்டேன்.

பட்டறையில் நான் இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை. ஆனால் வண்டி வெளியே போகும்போது போடுகிற பூஜையில் ஆரத்தித் தட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. நான் நின்றால் வண்டிக்கு ஆகாது. பின்னால் இருந்து பொரியும் கடலையும் பொட்டலம் கட்டலாம், அதற்கு ஆகும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டு என் பக்கம் வரும்போது அண்ணி அதை இன்னொரு பக்கமாக நீட்டுவார், நான் புரிந்துகொள்வேன்.

பொழுது சாயும் நேரம் ரிக் டிராயிங்கை மூடிவிட்டு என் சொந்தப் படத்தைத் திறப்பேன். சூரியனுக்குள் அணுக்கள் இணைவதைப் போலப் பூமியில் இணைய வைக்க வேண்டுமானால், வாயுவைப் பிளாஸ்மா ஆகும்வரைக்கும், அதற்கு மேலும் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் காந்தப்புலத்தால் ஒரு கூண்டு கட்டி, பிளாஸ்மாவை அதற்குள் அந்தரத்தில் பிடித்து வைப்பது ஒரு வழி. கூண்டின் வடிவத்தில்தான் பாடு இருக்கிறது. காந்தப் புலக்கோடுகள் சுற்றிச் சுற்றித் தம் பாதையிலேயே கிடக்க வேண்டும். ஒரு கோடு வழி தவறிச் சுவரைத் தொட்டால் பிளாஸ்மாவும் அதன் பின்னாலேயே போய் அணைந்துவிடும். பெரிய தேசங்களெல்லாம் இதில் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. நான் ஒன்றும் சூரியன் செய்யவில்லை. கூண்டு மட்டும், அதிலும் சின்னக் கூண்டு, அதுவும் கம்ப்யூட்டருக்குள்.

என் வடிவம் சிக்கலானதல்ல. சங்கிலியின் இரண்டு கண்ணிகள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வட்டச் சுருள்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இன்னும் இரண்டு பெரிய சுருள்கள். கோத்த சுருள்களின் சாய்வை மாற்றி மாற்றிக் கணக்கு ஓட்டுவேன். நிரல் நானே எழுதியது. அது ஒரு புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட ஒரு தளத்தைக் கடக்கும்போது திரையில் ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்து வளையமானால் கூண்டு பிடிக்கும். சிதறினால் ஓட்டைக் கூண்டு. மாதக்கணக்கில் சிதறத்தான் செய்தன. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் கம்ப்யூட்டர் கொதித்துப்போய்த் தானே அணைந்துவிடும். ஓடின கணக்கெல்லாம் மண். பக்கத்தில் மேஜை விசிறியை வைத்து, எனக்கு இல்லாமல் அதற்குக் காற்று விட்டேன்.

ஒரு மத்தியானம் சாய்வைக் கொஞ்சம் கூட்டியதும் புள்ளிகள் கூடிக்கொண்டன. வளையம், அதற்குள் வளையம், அதற்குள்ளும் வளையம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல இருக்கிறது என்றார். அது சரியான பேச்சு. பட்டறையில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு எல்லோரையும் வரச்சொல்லி, என்ற தங்கச்சி போட்டது என்று காட்டினார்.

அந்தப் படத்தை இணையத்தில் என்னைப் போன்ற அமெச்சூர்கள் கூடுகிற ஒரு குழுவில் போட்டேன். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருக்கும் அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வீடியோ அழைப்பில் பேசினார். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார், நானும் பதில் சொன்னேன். கடைசியில், தங்கள் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார். என் வயதோ, இத்தனை வருஷம் எங்கே இருந்தேன் என்பதோ அவருக்குப் பொருட்டில்லை. ஆனால் திரையில் யார் வேண்டுமானாலும் அழகாக வளையம் போடலாம். நிஜச் சுருள்களைக் கட்டி, வெற்றிடத்துக்குள் எலக்ட்ரான் கற்றையை விட்டு, புலக்கோடு நான் கணக்குப் போட்ட இடத்தில்தான் போகிறது என்று ஒரு புகைப்படம் காட்ட வேண்டும் என்றார். பூஜை விடுமுறை முடிந்ததும் தேர்வுக்குழு கூடுகிறது, அதற்குள் படம் வந்தால் இடம் எனக்கு.

எனக்குப் போக வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அண்ணி இரண்டாம் முறை சோறு போடும்போது கரண்டியில் அளவு குறைவதை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விட வேண்டியவள். என்னைத் தெரியாத ஓர் ஊரில், எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்து, என் தட்டில் நானே சோறு போட்டுச் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அது அந்த ஒரு புகைப்படத்தில் இருந்தது.

அண்ணன் சரி என்றார். அவரே எவர்சில்வர் தகட்டை உருட்டித் தொட்டி செய்தார். ஓர் ஆள் குனிந்து தலையை நுழைக்கிற அளவு, முன்னால் வட்டக் கதவு, பக்கத்தில் கண்ணாடிச் சாளரம். சுருள்களை எவர்சில்வர் உறைக்குள் வைத்து மூடி வெல்டிங் செய்து உள்ளே நிறுத்தினார். அந்த வெல்டிங்கை நான் கும்பிட வேண்டும், அத்தனை சுத்தம். சுருளுக்கு மின்சாரம் பட்டறையின் வெல்டிங் செட்டிலிருந்தே எடுத்தோம். காற்றை இழுக்கும் பம்புகள் கோயம்புத்தூர் பழைய சாமான் கடையில் கிடைத்தன. இந்த வேலையில் எதிரி அழுக்குதான் என்று முதல் நாளே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். உள்சுவரில் ஒரு விரல் பட்டால் போதும், அந்தப் பிசுக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெற்றிடம் நிற்காது. அவர் கையுறை போட்டுக்கொண்டார், அசிட்டோனில் துடைத்தார், துடைத்ததை அலுமினியத் தாளில் சுற்றினார். முதலாளி ஆபரேசனுக்குப் போறாருடோய் என்று ஆட்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வெற்றிடம் நான் கேட்ட அளவுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் போயிருந்தார்கள். சன்னல்களைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கிவிட்டுக் கற்றையை விட்டேன். எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பொடி பூசிய ஒரு குச்சி உள்ளே இருந்தது. அதை மெதுவாக நகர்த்தினேன். பச்சையாக ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான் கணக்குப் போட்ட இடத்தில், வளையத்தின்மேலேயே நின்றன. கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை மங்கலான ஒளி அதில் விழவில்லை. கல்யாணப் போட்டோ எடுக்கிறவர் ஒருவர் நல்ல கேமராவோடு பூஜைக்கு மறுநாள் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அண்ணன் சாளரத்தில் கண்ணை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"நெசமாவே சுத்துதா அம்மிணி?"

"சுத்துதுங்கண்ணா."

"அப்ப நீ போயிருவ."

"போயிருவேனுங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில், பூஜைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க முறுக்கு வாங்க மறந்துவிட்டது, ஆட்டையாம்பட்டிக்குப் போய்க் கைமுறுக்கு வாங்கி வா என்றார் அண்ணன். பையன்களை அனுப்பினால் நொறுங்கியதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்களாம், நான்தான் பார்த்து வாங்க வேண்டுமாம். எப்படியும் பூஜையில் எனக்கு வேலையில்லை. சேலம் பஸ்ஸில் ஏறிப் போனேன். நல்ல உற்சாகத்தில் இருந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

திரும்பி வந்தபோது பூஜை முடிந்து, வாசலில் உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. லேத், டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். என் தொட்டிக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மாலை. அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே, கோத்த சுருள்களுக்கு நடுவில், வாழையிலைமேல் ஓர் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுருளின் உறை நெடுக மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. கற்பூரம் எரிந்த கரி கூரையில் படிந்திருந்தது. விளக்கிலிருந்து வழிந்த நல்லெண்ணெய் உறைக்குக் கீழே உள்ள இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூத்த ஃபிட்டர் சந்தோஷமாக ஓடி வந்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. "உள்ள பாத்தா கருவறையாட்டவே இருக்குதுங்க அம்மிணி. அதான் மொத வெளக்கு அங்க வெச்சோமுங்க" என்றார். அத்தனை வருஷக் கேலிக்குப் பிறகு என் இயந்திரத்தை அவர்கள் இயந்திரமாக ஏற்றுக்கொண்ட நாள் அது. பக்தியோடு, மனதார, குட்டிச்சுவராக்கி வைத்திருந்தார்கள்.

நான் தலையை உள்ளே விட்டு விளக்கை ஊதி அணைத்தேன். யோசிக்கவேயில்லை, புகை பட்டுக்கொண்டே இருக்கிறதே என்ற பதற்றம். வெளியே வந்தால் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அண்ணி மட்டும் பேசினார்.

"உன்ற வெளக்கு அணைஞ்சது பத்தாதா? எங்க ஊட்டு வெளக்கையும் ஊதி அணைக்கோணுமா?"

பூஜைக்கு வந்தவர்கள் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்கள். அண்ணன்தான் வந்து என் தோளைத் தொட்டு, தெரியாமல் செய்துவிட்டார்கள், கழுவிவிடலாம், நான் இருக்கிறேன் என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நாசமாய்ப் போன நன்றி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கேமராக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கழுவத் தொடங்கினோம். அண்ணன் கையுறை மாட்டிக்கொண்டு என்னோடு மாறி மாறித் தொட்டிக்குள் தலையை விட்டு நாளெல்லாம் துடைத்தார். கரி போனது, சந்தனம் போனது. உறையின் இடுக்குக்குள் போன எண்ணெய் போகவில்லை. அதை எடுக்க வேண்டுமானால் உறையை அறுத்துச் சுருளை வெளியே எடுத்து மறுபடி கட்ட வேண்டும், அதற்குள் தேர்வுக்குழு கூடிக் கலைந்துவிடும். இரண்டாம் நாள் கதவை மூடலாமென்று, காற்றுப் புகாமல் அடைக்கும் அதன் ரப்பர் வளையத்தைத் தேடினேன். அலமாரியில், சுத்தமான துணிக்குள், அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முறுக்கு விழாமல் வட்டமாக வைத்திருந்தது. பூஜைக்கு விளக்கு வைக்கிறவன் எவன் ரப்பரை அலுமினியத் தாளில் சுற்றுவான்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெற்றிடமாக இருக்கும் தொட்டியின் கதவை யாராலும் திறக்க முடியாது. வெளிக்காற்று அதை அப்படி அழுத்திப் பிடித்திருக்கும். பட்டறை மொத்தமும் சேர்ந்து இழுத்தாலும் வராது. பின்பக்கத்துச் சின்ன வால்வை மெல்லத் திறந்து காற்றை உள்ளே விட்ட பிறகுதான் வரும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஆட்டையாம்பட்டியில் முறுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் உடனே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். கெடு முடிகிற அன்று கதவைப் பூட்டி, பம்பை ஓடவிட்டு, வராத வெற்றிடத்தில் கற்றையைப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் ஆவியில் கற்றை ஒரு சுற்றுக்கூடப் போகவில்லை. தொட்டி முழுக்க ஊதா நிறத்தில் ஒரு புகைமூட்டமான ஒளி பரவியது, சில நொடிகளில் எலக்ட்ரான் விடும் இழை கருகி அணைந்தது. சாளரத்தைச் சுற்றி நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். எரிஞ்சிருச்சு, அக்கா சூரியன் எரிஞ்சிருச்சு என்று வெல்டர் நிஜமான சந்தோஷத்தோடு கத்தினார். விளக்கு வைத்ததன் பலன் என்றார் அண்ணி. அண்ணனும் கைதட்டினார். நிஜமான வளையத்தைத் தன் கண்ணால் பார்த்தவர், இது என்ன என்று தெரிந்தவர், அவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

கைப்பேசியில் எடுத்த அந்த ஊதா ஒளியின் படத்தை அனுப்பி, நடந்ததையும் எழுதினேன். அந்த அம்மா மரியாதையாகப் பதில் போட்டார். இது வாயு ஒளிர்வது மட்டுமே, புலக்கோட்டுக்கு ஆதாரமாகாது. பூஜைக்கு முந்தைய நாள் நான் கண்ணால் பார்த்தேன் என்பதைத் தான் நம்புவதாகவும் குழு நம்பாது என்றும் எழுதியிருந்தார். இடம் வேறொருவருக்குப் போனது.

அதற்குப் பிறகு கேட்டேன். அண்ணன் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு டீக்காக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, வால்வத் தொறந்து உட்டது நீங்கதானுங்களே?"

"ஆமா சாமி" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏனுங்க?"

"நீ போயிட்டீன்னா டிராயிங்கு யாரு போடறது?"

கரண்ட் எப்போது வரும் என்று கேட்கிற குரலில்தான் அதைக் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்நிய ஊரில் தனியாக எப்படி இருப்பாய் என்று பயந்தேன் என்பார், உன்னை விட்டு இருக்க முடியாது என்பார் என்று பார்த்தேன். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். ஆப்பிரிக்காவுக்குப் போகிற வண்டிக்கு மாஸ்ட் நீளத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், நாளைக்குள் வேண்டும் என்றார்.

தொட்டியை நான் அதன்பிறகு தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குள் விளக்கு வைக்கிறார்கள், புது வண்டிக்காரர்கள் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சாவி வாங்குகிறார்கள். அண்ணன் அப்படிச் சொன்ன அன்றைக்கே மேஜைக்குப் போய் மாஸ்ட் டிராயிங்கைத் திறந்தேன். ஓர் அளவை, ஒரே ஓர் அளவைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் எங்கேயோ தூர தேசத்தில் அந்த மாஸ்ட் மடங்கிப் பட்டறையின் பெயரையும் கூடவே சாய்த்துவிடும். என்னால் முடியும். கீழே நிற்பவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்? எண்ணை மாற்றினேன், திரும்ப மாற்றினேன். கடைசியில் எல்லாவற்றையும் சரியாகவே போட்டுக் கொடுத்தேன். நான் சரியாகத்தான் போடுவேன் என்று அண்ணனுக்குத் தெரியும். அவர் அதை வாங்கி, சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.